மாலை 4 மணிக்கு மேல் குழந்தையை யார் பார்ப்பது? வேலைக்குப் போகும் பெற்றோரின் 24 மணி நேரக் கணக்கு

'டைம் மேனேஜ்மென்ட் சரியா பண்ணா எல்லாம் நடக்கும்' என்று வேலைக்குப் போகும் அம்மாக்களிடம் சொல்லாத ஆளே இல்லை. உண்மையிலேயே நடக்குமா? ஒரு சாதாரண வேலை நாளை எடுத்து, கூட்டிக் கழித்துப் பார்த்துவிடலாம்.

தாம்பரத்தில் வீடு, ஓ.எம்.ஆரில் ஆபீஸ், வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. ஆபீஸ் நேரம் சாப்பாட்டு இடைவேளையோடு சேர்த்து 9 மணி நேரம். காலை 9.30-க்கு உள்ளே, மாலை 6.30-க்கு வெளியே என்று வைத்துக்கொள்வோம். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். மழை பெய்யாத, மீட்டிங் இழுக்காத, நல்ல நாளின் கணக்கு இது. காலை 8.15-க்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு 7.45. ஆக, வீட்டுக்கு வெளியே பதினொன்றரை மணி நேரம்.

இப்போது குழந்தையின் கடிகாரத்தைப் பார்ப்போம். 1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ம் ஆண்டு வழிகாட்டுதல். பகலில் 2 மணி நேரம், இரவில் 10 மணி நேரம் என்று வைத்தால், காலை 6.30-க்கு எழும் குழந்தை இரவு 8.30-க்குத் தூங்கியாக வேண்டும்.

அப்படியென்றால் பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து விழித்திருக்கும் நேரம் காலையில் ஒன்றே முக்கால் மணி, இரவில் முக்கால் மணி. மொத்தம் இரண்டரை மணி நேரம். இதற்குள்தான் பல் துலக்குவது, குளிப்பாட்டுவது, இட்லியை ஊட்டுவது, 'வேண்டாம்' என்று துப்பியதைத் துடைப்பது, டே கேர் பையில் மாற்றுத்துணி வைப்பது, இரவுச் சாப்பாடு எல்லாமே. கொஞ்சல், கதை, மொட்டை மாடி நிலா ஆகியவற்றுக்கு மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நிஜத்தில் என்ன நடக்கிறது? குழந்தை 8.30-க்குத் தூங்குவதில்லை. நாள் முழுக்கக் காணாத அம்மா, அப்பாவைக் கண்டதும் அதற்குப் புது உற்சாகம் வந்துவிடும். 10.30, 11 மணி வரை ஆட்டம். மறுநாள் தூக்கம் போதாமல் அடம். பெற்றோர் கணக்கில் இல்லாத நேரத்தை, குழந்தை தன் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. 'புள்ளைக்கு ஒழுங்கா தூங்கப் பழக்கலையா?' என்று கேட்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சட்டம் எதுவரை கூட வருகிறது?

மகப்பேறு நலச் சட்டம் 1961-ல் வந்தது. 2017-ல் பெரிய திருத்தம் செய்யப்பட்டு, 12 வாரமாக இருந்த சம்பளத்துடன் கூடிய விடுப்பு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமானது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம், தாய் ஒரு நாளைக்கு 4 முறை அங்கே போய்வரலாம் என்பதும் அப்போதுதான் வந்தது. பாலூட்ட தினமும் 2 இடைவேளை, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை உண்டு. இவையெல்லாம் இப்போது 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது.

தமிழக அரசு ஊழியர் என்றால் கதை வேறு. 2021 ஜூலை 1 முதல் அவர்களுக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம். மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு என்றே தனியாக, பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள் இருக்கிறது. ஒரே தெருவில், ஒரே வயதுக் குழந்தையை வைத்திருக்கும் இரண்டு அம்மாக்களில், வேலை கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்து ஒருவருக்கு ஒரு வருடம், இன்னொருவருக்கு ஆறு மாதம்.

அந்த ஆறு மாதம் முடியும்போது குழந்தை குப்புற விழுந்து, உட்காரப் பழகிக்கொண்டிருக்கும். அது நடந்து, ஓடி, ஸ்விட்ச் போர்டில் விரல் விட்டு, கட்டிலிலிருந்து குதிக்கும் பருவம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கண் இமைக்காமல் ஒருவர் கூடவே இருக்க வேண்டிய அந்த இரண்டரை வருடத்துக்கு, தனியார் துறை ஊழியருக்குச் சட்டத்தில் மிஞ்சுவது காப்பகம் என்ற ஒரே ஒரு பிரிவு மட்டுமே.

அந்தப் பிரிவிலும் இடைவெளிகள் இருக்கின்றன. 49 பேர் வேலை செய்யும் இடத்துக்கு இது பொருந்தாது. தமிழ்நாட்டின் ஸ்டார்ட்-அப், ஜவுளிக்கடை, கிளினிக், சின்ன ஆடிட்டர் ஆபீஸ் எத்தனையோ இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. 4 முறை போய்வரும் உரிமை தாய்க்கு மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. அப்பாவின் ஆபீஸில் காப்பகம் இருந்தாலும், நடுவில் போய்ப் பார்த்துவர அவருக்குச் சட்டப்படி வழியில்லை. மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறை அப்பாவுக்கு நாடு முழுமைக்குமான சட்டம் எதுவும் இல்லை, நிறுவனம் மனது வைத்தால் உண்டு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, இதை அதிகம் யாரும் பேசுவதில்லை. ஈ.எஸ்.ஐ. வரம்பான மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் பெண்ணின் 26 வாரச் சம்பளம் முழுவதையும் நிறுவனமே தர வேண்டும், அரசின் பங்கு இல்லை. காப்பகச் செலவும் அப்படித்தான். பெண்ணை வேலைக்கு எடுத்தால் செலவு, ஆணை எடுத்தால் இல்லை என்ற கணக்கை ஒரு நல்ல சட்டமே சில முதலாளிகள் கையில் கொடுத்துவிடுகிறது. இன்டர்வியூவில் 'கல்யாணம் ஆயிடுச்சா? அடுத்து என்ன பிளான்?' என்ற கேள்வி எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதா?

அரசுக் காப்பகங்கள் உதவாதா?

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54,000 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. பல மாநிலங்கள் பொறாமைப்படும் கட்டமைப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் அவை சத்துணவுக்காகவும் முன்பருவக் கல்விக்காகவும் உருவாக்கப்பட்டவை. ஒன்றரை வயதுக் குழந்தையை இரவு வரை வைத்துக்கொள்வது அவற்றின் வேலை அல்ல.

அதற்காகத்தான் மத்திய அரசு 'பால்னா' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. 6 மாதம் முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கான காப்பகம், அங்கன்வாடியோடு சேர்ந்தும் நடக்கலாம். நல்ல யோசனை. ஆனால் அதன் வழிகாட்டுதல் சொல்லும் நேரம் மாதம் 26 நாள், தினமும் ஏழரை மணி நேரம். காலை 9 மணிக்குத் திறந்தால் மாலை 4.30-க்கு மூடிவிடலாம். நம் தாம்பரம் கணக்கில் பெற்றோர் வெளியே இருப்பது பதினொன்றரை மணி நேரம். மிச்சம் 4 மணி நேரத்துக்கு என்ன செய்வது?

தனியார் டே கேர் இருக்கிறது. மாலை 6, 6.30 வரை வைத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் பல இடங்களில் மணிக்கணக்கில் தனிக் கட்டணம். வேளச்சேரி டிராஃபிக்கில் கேப் நகராமல் நிற்கும்போது, வாட்ஸ்அப்பில் 'மேடம், எல்லா பசங்களும் போயாச்சு, பாப்பா மட்டும்தான் இருக்கா' என்று மெசேஜ் வந்தால் எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே அந்த 4 மணி நேரத்தை நிரப்புவது பெரும்பாலும் பாட்டிதான். ஆறு மாதம் அம்மா வழிப் பாட்டி, ஆறு மாதம் அப்பா வழிப் பாட்டி என்று ஷிஃப்ட் போடும் குடும்பங்கள் சென்னையில் ஏராளம். ஊரில் தாத்தா தனியாகச் சமைத்துச் சாப்பிட, இங்கே முட்டி வலியோடு பாட்டி மூன்றாவது மாடியில் ஓடுகிற குழந்தையின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார். நம் ஐ.டி. காரிடாருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய மானியம், எந்த பட்ஜெட்டிலும் வராத இந்தப் பாட்டிகளின் உழைப்பு. பாட்டி இல்லாத வீட்டில்? பெரும்பாலும் அம்மாவின் ராஜினாமா கடிதம்தான்.

அப்பாக்கள் எங்கே?

மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் இதற்கு நேரடியான எண் இருக்கிறது. 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டிலுள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதம். அப்படி ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 140 நிமிடமும், ஆண் 74 நிமிடமும் செலவிடுகிறார்கள். சமையல், துவைப்பது, பெருக்குவது போன்ற சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் தனியாக 305 நிமிடம் கொடுக்கிறார்கள்.

அந்த 74 நிமிடத்தைப் பார்த்து 'பரவாயில்லையே' என்று நினைத்துவிட வேண்டாம். அது எல்லா ஆண்களின் சராசரி கிடையாது. ஈடுபடுவதாகச் சொன்ன 21.4 சதவீதம் பேரின் சராசரி. மீதிப் பேரின் கணக்கில் அந்த நாளில் பராமரிப்பு நேரம் பூஜ்ஜியம்.

நிமிடத்தில் அடங்காத வேலையும் உண்டு. அடுத்த தடுப்பூசி எப்போது, டயப்பர் எத்தனை பாக்கி, டே கேரில் நாளைக்கு மஞ்சள் டிரெஸ் கேட்டார்களே என்பதையெல்லாம் தலையில் சுமப்பது யார்? 'நீ சொன்னா நான் செஞ்சிடுவேன்ல' என்று சொல்லும் அப்பா நல்லவர்தான். ஆனால் ஞாபகம் வைத்துச் சொல்வதும் ஒரு வேலை என்பது அவர் கணக்கில் வருவதில்லை.

காய்ச்சல் வந்தால்?

இதுவரை பார்த்தது எல்லோரும் நலமாக இருக்கும் நாளின் கணக்கு. சின்னக் குழந்தைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது சகஜம் என்கிறார்கள் குழந்தைகள் நல மருத்துவர்கள். டே கேரில் விடும் குழந்தைக்கு இன்னும் கூடுதல். 'பாப்பாவுக்கு லேசா சுடுது, வந்து கூட்டிட்டுப் போயிடுறீங்களா?' என்ற போன் வந்தால், அந்த வாரம் 2, 3 நாள் வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும்.

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு தருகிறது. ஆனால் அது ஊழியருக்கு உடம்பு சரியில்லாதபோது எடுக்க வேண்டியது. குழந்தையின் காய்ச்சலுக்கு மிச்சமிருக்கும் தற்செயல் விடுப்பில்தான் கை வைக்க வேண்டும். ஆகஸ்ட் மாதத்திலேயே லீவு தீர்ந்துபோன அம்மாக்கள், தங்களுக்குக் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போகிறார்கள்.

'அதான் ஒர்க் ஃப்ரம் ஹோம் இருக்கே' என்பீர்கள். விடுப்பு முடிந்த பிறகு வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் பேசி முடிவு செய்து வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று 2017 திருத்தம் சொன்னது. பயண நேரம் இரண்டரை மணி மிச்சமாகும், அது பெரிய விஷயம். ஆனால் லேப்டாப் கீபோர்டில் ஏறி உட்காரும் குழந்தையோடு கிளையன்ட் கால் பேச முடியாது. கடைசியில் குழந்தையின் கையில் போன் போகும். 2 வயதுக்குள் திரையே வேண்டாம் என்று சொல்லும் டாக்டரும் சரி, போனைக் கொடுக்கும் அம்மாவும் சரி, யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மாற என்ன வழி?

சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் கவனிக்க வேண்டிய ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகக் காப்பகம் கட்ட வேண்டியதில்லை. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தலாம், அரசு, உள்ளாட்சி, தொண்டு நிறுவனக் காப்பகங்களையும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரே டெக் பார்க்கில் இருக்கும் 20 கம்பெனிகள் சேர்ந்து தரைத்தளத்தில் ஒரு காப்பகம் திறந்து, இரவு 8 மணி வரை நடத்தினால் 4 மணி நேர இடைவெளி அங்கேயே அடைபட்டுவிடும். 30 பேர் வேலை செய்யும் கம்பெனிக்கும் அதில் இடம் கொடுக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. இந்தச் சட்டத்தின் கீழ் என்னென்ன சலுகைகள் உண்டு என்பதை, வேலையில் சேரும்போதே ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்து மூலமாகவும் மின்னணு முறையிலும் தெரிவிக்க வேண்டும் என்று 2017 திருத்தத்திலேயே இருந்தது. உங்கள் பழைய ஆஃபர் லெட்டர் மெயிலைத் திறந்து, அதில் காப்பகம் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். அப்பாக்களும் போடலாம்.