பிள்ளைகளின் நடை

தியானப் பகுதி: ஆதியாகமம் 33:12-14



ஏசாவும் யாக்கோபும் பல ஆண்டுகளுக்குப் பின் சந்தித்துக்கொண்ட நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் ஒப்புரவாகுதலின் பாடமாகவே தியானித்திருக்கிறோம். அந்தச் சந்திப்பின் முடிவில் நடந்த சிறு உரையாடலை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. 400 பேரோடு வந்திருந்த ஏசா, இனிச் சேர்ந்தே பயணம் போவோம் என்று தம்பியை அழைக்கிறான். யாக்கோபு தயங்குகிறான். தன்னோடு இருப்பவை இளம் பிள்ளைகளும் பால் கொடுக்கும் ஆடுமாடுகளும் என்கிறான். ஒரு நாள் விரட்டினாலும் மந்தை தாங்காது என்கிறான். அண்ணன் முன்னே செல்லட்டும், தான் பிள்ளைகளால் இயன்ற வேகத்தில் பின்னால் வருவதாகச் சொல்லி அனுப்பிவிடுகிறான்.

யாக்கோபு இதை முழு உண்மையோடு சொன்னானா என்று வேத அறிஞர்கள் கேட்பதுண்டு. ஏனெனில் அவன் சேயீருக்குப் போகாமல் சுக்கோத்துக்குப் போய்விட்டான். ஆயினும் அவன் சொன்ன காரணத்தில் பிழையில்லை. பெரியவர்களின் வேகத்தில் சிறு பிள்ளைகளை நடத்தினால் அவர்கள் வழியிலேயே விழுந்துபோவார்கள்.

தமிழில் கால் நடப்பதையும் நடை என்கிறோம். ஒரு நூல் எழுதப்பட்டிருக்கும் விதத்தையும் நடை என்கிறோம். நமது ஓய்வுநாள் பள்ளியின் பரிசளிப்பு விழா நெருங்கிவருகிறது. பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வாங்குவது என்ற பேச்சும் தொடங்கிவிட்டது. ஆகவே இந்த இரண்டு நடைகளையும் சேர்த்துச் சிந்திக்க விரும்புகிறேன். முதலில் என் தவறு ஒன்றை அறிக்கையிட வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு சேகரத்தில் ஊழியம் செய்தபோது, இரண்டாம் வகுப்புப் படித்த ஒரு சிறுவன் மனப்பாட வசனப் போட்டியில் முதற்பரிசு பெற்றான். ஒரு சொல்லும் தவறாமல் ஒப்புவித்த அவனுக்கு, ஜிப் வைத்த உறை போட்ட பெரிய வேதாகமத்தை நானே என் கையால் கொடுத்தேன். அதே ஆண்டு பாலர் ஞாயிறன்று, முன்கூட்டிச் சொல்லாமல், அவனை மேடைக்கு அழைத்து அதிலிருந்தே பாடத்தை வாசிக்கச் சொன்னேன். நான்காம் சொல்லில் நின்றுவிட்டான். எழுத்துக்கூட்டிப் பார்த்தான், வரவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் அழுதுகொண்டே இறங்கிப் போனான்.

அதன்பின் சில வாரங்கள் அவன் வகுப்புக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். வேதாகமம் கண்ணாடி அலமாரியில் பூட்டியபடி இருந்தது. "அது பெரியவங்க புத்தகம், எனக்கு இல்லன்னு சொல்லுறான் ஐயா" என்றார் அவன் தாய். வசனங்களையெல்லாம் அவன் தன் ஆச்சி சொல்லச் சொல்லக் காதால் கேட்டே கற்றிருந்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் சபையிலிருந்த ஒரு பள்ளி ஆசிரியை பிற்பாடு என்னிடம், "ஐயா, நீங்கள் அவன் மனப்பாடத்தைப் பார்த்தீர்கள், வாசிப்பைப் பார்க்கவில்லை" என்றார். இறையியல் கல்லூரியில் பல ஆண்டுகள் படித்த எனக்கு அந்த ஒரு வாக்கியம் தேவைப்பட்டது.

அந்த ஆசிரியை அவனுக்குக் கொடுத்தது சில பக்கங்களே உள்ள ஒரு படப் புத்தகம். பக்கத்துக்கு ஒரே வரி. ஆராதனை முடிந்தபின் யாரும் இல்லாத அறையில் அவரிடம் மட்டும் வாசித்தான். மூன்றாம் வாரம் என்னிடம் ஓடிவந்து முழுப் புத்தகத்தையும் வாசித்துக் காட்டினான். முடித்துவிட்டு, மறுபடியும் முதற்பக்கத்துக்குத் திரும்பினான்.

அன்பானவர்களே, பிள்ளைக்குப் புத்தகம் தெரிந்தெடுக்கும்போது நாம் அதன் வயதைப் பார்க்கிறோம், வகுப்பைப் பார்க்கிறோம், புத்தகத்தின் கனத்தைப் பார்க்கிறோம். பார்க்கவேண்டியது அந்தப் பிள்ளை இன்று வாசிப்பில் எந்தப் படியில் நிற்கிறது என்பதையே.

நம் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் வாசிப்பு இயக்கத்தில் சிறுவர் நூல்களை நான்கு படிகளாகப் பிரித்து அழகான பெயர்கள் இட்டிருக்கிறார்கள்: நுழை, நட, ஓடு, பற. பிரதம் புக்ஸ் நிறுவனமும் தன் நூல்களை நான்கு நிலைகளாகவே வகுக்கிறது. முதல் நிலை நூலில் 250 சொற்களுக்குள். இரண்டாம் நிலையில் 600 வரை. மூன்றாம் நிலையில் 1500 வரை. நான்காம் நிலையில் அதற்கும் மேல். இந்த எண்ணிக்கைகள் பயனுள்ளவையே. எனினும் தமிழ் வாசிக்கும் பிள்ளைக்குச் சொற்களின் எண்ணிக்கை மட்டும் தடையல்ல.

நுழையும் படியில் இருக்கும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துகள் 247-உம் இன்னும் வசப்படவில்லை. கொம்பும் துணைக்காலும் எழுத்தின் இருபுறமும் நிற்பது அதற்குப் பெரிய புதிர். ஆகவே எழுத்து பெரியதாயிருக்க வேண்டும். ஒரே வாக்கியம் சிறு மாற்றத்தோடு திரும்பத் திரும்ப வர வேண்டும். வரி சொல்வதை அதே பக்கத்திலுள்ள படமும் சொல்ல வேண்டும். வாங்குமுன் இன்னொன்றையும் பாருங்கள். தமிழ் அச்சில் வரி முடியும் இடத்தில் ஒரு சொல்லைப் பாதியில் உடைத்து, எந்தக் குறியும் இடாமல் அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் வழக்கம் உண்டு. நமக்கு அது தோன்றுவதே இல்லை. பிள்ளையோ அங்கே இரண்டு புதுச் சொற்களைக் காண்கிறது.

நடக்கும் படியில் தொடக்கமும் முடிவும் உள்ள சிறு கதை போதும். இங்கே தடை பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். வீட்டில் "வந்துட்டாங்க" என்று பேசும் பிள்ளை, புத்தகத்தில் "வந்துவிட்டார்கள்" என்பதைக் கண்டு தயங்குவது அறியாமை ஆகாது. புணர்ச்சியால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு வரியையே நிரப்பும் நெடுஞ்சொற்கள் நிறைந்த நூலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஓடும் படியில் படங்கள் குறையலாம், அத்தியாயங்கள் வரலாம். கதை பிடிக்காத பிள்ளைகளும் உண்டு. ரயில் எப்படி ஓடுகிறது, எறும்புப் புற்றுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் நூலை அவர்களுக்குக் கொடுங்கள். பறக்கும் படிக்கு வந்த பிள்ளை தானே தெரிந்தெடுக்கும். அங்கே நம் வேலை, அது வாசித்ததை நாமும் வாசித்து அதனோடு பேசுவது. மரணமும் அநீதியும் கதைகளில் வரும் வயது அது, தனியே விட்டுவிடலாகாது.

இந்தப் படிகள் வகுப்புகளோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்ததால் விழுந்த இடைவெளியை நிரப்பவே 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. அந்த நாட்களில் எழுத்துகளைத் தவறவிட்டு, இன்று உயர்ந்த வகுப்பில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நம் சபையிலும் இருக்கலாம். அவர்களுக்கு மழலைக் கதை கொடுத்தால் அவமானப்படுவார்கள். படம் நிறைந்த, சொல் குறைந்த அறிவியல் நூலைக் கொடுங்கள். ஆங்கில வழியில் படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் வாசிப்பு நுழையும் படியிலேயே நிற்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படியிலிருந்தே தொடங்க வேண்டும்.

படியை அறிய எளிய வழி ஒன்று உண்டு. புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கினால் அந்த நூல் இப்போதைக்கு வேண்டாம். பக்கத்துக்குப் பத்துச் சொல்லே உள்ள சிறு நூலானால் இரண்டு விரலே அதிகம். இதைத் தனிமையில் செய்யுங்கள். விருந்தினர் முன்னிலையில் செய்யாதிருங்கள். நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

அப்படியானால் கடினமான நூல்கள் பிள்ளைகளுக்கு வேண்டாமா? வேண்டும். பிள்ளையின் காது அதன் கண்ணைவிட வெகுதூரம் முன்னே செல்கிறது. அந்தச் சிறுவனின் காது, 1871-இல் பவர் ஐயர் தலைமையில் வெளிவந்த திருப்புதலின் கம்பீரமான தமிழைப் பிழையின்றிப் பெற்றுக்கொண்டது. ஏனெனில் அது ஆச்சியின் குரலில் வந்தது. அவன் கண்ணுக்கோ பக்கத்துக்கு ஒரு வரிதான் இயன்றது. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு புத்தகங்கள் வேண்டும் என்பது என் கருத்து. தானே வாசிக்க எளியது ஒன்று. நாம் வாசித்துக் காட்டச் சற்று உயர்ந்தது ஒன்று. முதலாவது தன்னால் முடியும் என்ற துணிவைக் கொடுக்கும். இரண்டாவது, வாசிப்பு எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும் என்பதைக் காட்டும். குடும்ப ஜெபத்தில் பெரிய வேதாகமத்தைத் தாயோ தகப்பனோ வாசிக்கட்டும். பிள்ளையின் கையில் படங்களோடு கூடிய வேதாகமக் கதைநூல் இருக்கட்டும்.

கதையின் கடைசியில் நீதி எழுதியிருக்கிறதா என்று சிலர் தேடிப் பார்த்து வாங்குகிறார்கள். நம் ஆண்டவர் சொன்ன கதைகளை எண்ணிப் பாருங்கள். கெட்ட குமாரன் திரும்பி வந்த வீட்டுக்குள் மூத்தவன் நுழைந்தானா இல்லையா என்று அவர் சொல்லாமலே விட்டார். யோனாவின் புத்தகம் ஒரு கேள்வியோடு முடிகிறது. கேட்பவன் தன் உள்ளத்தில் அதை முடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கும் அந்த மரியாதையைக் கொடுப்போம். சிரிக்க மட்டுமே வைக்கும் கதையும் தேவனுடைய ஈவுதான்.

நல்ல நூல்கள் கிடைப்பதில்லை என்று இனிச் சொல்ல முடியாது. நேஷனல் புக் டிரஸ்டும் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் 1957-இலிருந்தே இயங்கி வருகின்றன. சென்னையிலுள்ள தூலிகா, தாரா ஆகிய பதிப்பகங்கள் அழகிய படநூல்களை வெளியிடுகின்றன. 2015-இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை நிலைவாரியாக இலவசமாகவே பெறலாம். அருகிலுள்ள கிளை நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராக்குவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவர் தமிழ் கற்கத் தொடங்கியபோது, சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். பிற்காலத்தில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுத் தந்த கை அது. முதற்படியில் நிற்பது இழிவென்று அவர் எண்ணவில்லை. நம் பிள்ளைகள் அங்கே நிற்கும்போது நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

ஆகவே பரிசுக் குழுவினருக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. இவ்வாண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நூலை மொத்தமாக வாங்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து ஒரு பக்கம் வாசிக்கக் கேளுங்கள். அதன்பின் நூலைத் தெரிந்தெடுங்கள். முதற்பரிசு மெல்லிய புத்தகமாயிருந்தால் பெற்றோர் மனம் வருந்த வேண்டாம். பரிசு பெரிதா சிறிதா என்பது அது எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதில் தெரியும்.

நான் அந்தச் சேகரத்திலிருந்து மாற்றலாகி வந்தபோதும் அந்தப் பெரிய வேதாகமம் கண்ணாடி அலமாரியிலேதான் இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் பக்க ஓரங்கள் கிழிந்த நான்கைந்து சிறு புத்தகங்கள் சேர்ந்திருந்தன. அலமாரியின் பூட்டும் எடுக்கப்பட்டிருந்தது.

ஜெபிப்போம்: அன்பின் பிதாவே, எங்கள் நடைக்குத் தக்கதாக எங்களோடு நடந்துவருகிறவரே, எங்கள் பிள்ளைகளின் நடையை அறிந்து அவர்களோடு நடக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். எங்கள் பெருமைக்காக அவர்களை விரட்டிய நாட்களை மன்னியும். ஆமென்.