பதினொரு குழந்தைகள்

நம் சங்கத்தின் ஞாயிறு இசை வகுப்புக்குப் பத்துக் குழந்தைகள்கூட வருவதில்லை. ஆகவே நிறுத்திவிடலாம் என்கின்றனர் அன்பர் சிலர். அவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல விரும்புகிறோம்.

1975-ஆம் ஆண்டு, வெனிசுலா நாட்டின் காரகாஸ் நகரில் ஹொசே அந்தோனியோ அப்ரேயு என்னும் பொருளாதார அறிஞர், மாணவர் வாத்தியக் குழு ஒன்றைத் தொடங்கினார். முதல் ஒத்திகை நடந்த இடம் மோட்டார் வண்டிகள் நிறுத்தும் கூடம். வந்த குழந்தைகளோ 11 பேரே! அவர் மனம் தளரவில்லை.

2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அங்கிருந்து வளர்ந்த சிமோன் பொலிவார் இளைஞர் வாத்தியக் குழு, லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ஷோஸ்டகோவிச்சின் பத்தாம் சிம்பொனியை வாசித்தது. நடத்தியவர், அவ்வமைப்பிலேயே சிறு வயதில் வயலின் பயின்ற குஸ்தாவோ டூடமேல். அப்போது அவருக்கு வயது 26.

நடத்துநரின் கையிலுள்ள சிறு கோலில் ஓசை எழாது. ஆயினும், தம் வாத்தியத்தோடு அடுத்தவர் வாத்தியத்துக்கும் செவிகொடுக்க அது ஒவ்வொருவரையும் பழக்குகிறது. ஊர் விட்டு வந்து, தனித்தனி வீடுகளில் வளரும் நம் குழந்தைகளுக்கு வேண்டிய பயிற்சியும் அதுவே அன்றோ?

வகுப்பு நடக்கட்டும். பெற்றோர்களே, வரும் ஞாயிறு உங்கள் குழந்தையையும் அழைத்து வாருங்கள்.