தெதுரு ஓயாவின் இராட்சத விரால் விடுக்கும் எச்சரிக்கை

குருணாகல் மாவட்டத்தின் தெதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் 2025 ஜனவரியில் நடத்தப்பட்ட தூண்டில் போட்டி வெறும் பொழுதுபோக்குக்காக ஏற்பாடு செய்யப்பட்டதன்று. அந்நீர்த்தேக்கத்தில் பெருகிவிட்ட அந்நிய நாட்டு இராட்சத விராலைப் பிடித்துக் குறைப்பதே அதன் நோக்கமாகும். போட்டி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பிடிபடும் விராலைக் கருவாடாக்கி விற்பனை செய்ய அப்பகுதி மீனவர்கள் முயன்றதாகவும் செய்திகள் வெளியாகின. ஒரு மாவட்டத்தின் பிரச்சினை எனக் கருதி இதனைக் கடந்து செல்வது விவேகமானதல்ல என நாம் கருதுகின்றோம்.

தென்கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் ஒரு மீற்றருக்கும் மேல் வளரக்கூடியது. நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசிப்பதால் பிற மீன்கள் பிழைக்க முடியாத கலங்கல் நீரிலும் அது தாக்குப்பிடிக்கின்றது. குஞ்சுகளைத் தாய், தந்தை இரண்டுமே கூட நின்று காப்பதால் அதன் சந்ததி எளிதில் அழிவதில்லை. அதன் தாயக நீர்நிலைகளில் அதனைக் கட்டுப்படுத்தும் உயிரினங்கள் நமது குளங்களில் இல்லை. திலாப்பியாவுக்காகச் செவுள் வலை விரித்துப் பழகிய நமது மீனவர்களுக்கு அது இலகுவில் அகப்படுவதும் இல்லை. அதேவேளை, மீனவரின் வருவாயாகிய சிறிய மீன்களையும் குஞ்சுகளையும் அது தின்று தீர்க்கின்றது.

இங்கு ஒன்றை வலியுறுத்த வேண்டியுள்ளது. நமது வயல்களிலும் குளங்களிலும் காலங்காலமாக வாழும் விரால் வேறு, இந்த இராட்சத விரால் வேறு. விரால் என்ற பெயரைக் கேட்டவுடன் எல்லாவற்றையும் அழிக்கப் புறப்பட்டால், இலங்கைக்கு மட்டுமே உரிய சிறிய விரால் இனமும் அதற்குப் பலியாகிவிடும்.

அந்நிய மீன் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயத் தோட்டத்துரைமார் தமது தூண்டில் பொழுதுபோக்குக்காக நுவரெலியாப் பகுதி நீரோடைகளில் ட்ரவுட் மீனை விட்டனர். 1952இல் திலாப்பியா கொண்டு வரப்பட்டது. இயற்கையான ஏரிகள் அரிதாகவும் மன்னர்கள் கட்டிய குளங்கள் மிகுதியாகவும் உள்ள இந்நாட்டில், ஆற்றுமீன்கள் முழுமையாகப் பயன்படுத்தாத தேங்கிய நீரை அந்த மீன் நிரப்பியது. 'ஜப்பான் மீன்' என்று ஆரம்பத்தில் முகஞ்சுளித்தவர்களின் வீட்டிலும் பின்னர் அதுவே கறியானது. கடலிலிருந்து தொலைவில் வாழும் ஏழைக் குடும்பங்களுக்கு மலிவான புரதம் கிடைத்ததை எவரும் மறுப்பதற்கில்லை. சுதேச மீன்கள் சில அதனால் நெருக்கடிக்குள்ளாகின என்பதும் உண்மையே. ஆயினும் அது அறிந்து செய்யப்பட்ட காரியம்.

1990இல் மத உணர்வுகளைக் காரணங்காட்டி நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை அரசாங்கம் விலக்கிக் கொண்டதும், 1994இல் மீண்டும் அதனை வழங்கத் தொடங்கியதும் பலருக்கு நினைவிருக்கும். அவ்விடைவெளியில் உற்பத்தி வீழ்ந்தது. அரசியல் தீர்மானம் ஒன்று குளத்து மீனையும் பாதிக்கும் என்பதற்கு அது சான்று.

தெதுரு ஓயாவின் விரால் அவ்வாறு தீர்மானித்து விடப்பட்டதன்று. அலங்கார மீன் வர்த்தகத்தின் வழியாக அது வந்திருக்கலாம் என்ற சந்தேகமே வலுவாக உள்ளது. கொழும்பை அண்டிய சதுப்பு நிலங்களில் பரவிய கத்தி மீனும், மலையக நீர்த்தேக்கங்களில் மீனவரின் வலைகளைச் சேதப்படுத்தும் 'டேங்க் கிளீனர்' மீனும் அதே வழியில் வந்தவையே. கண்ணாடித் தொட்டியில் குட்டியாக வளரும் மீன் பெருத்து அடங்காமற் போகும்போது, கொல்ல மனமின்றி அருகிலுள்ள ஓடையில் விட்டுவிடுவது நம்மவரிடையே ஒரு 'புண்ணிய காரியமாக' உள்ளது. அந்தப் புண்ணியத்தின் விலையை மீனவக் குடும்பமே செலுத்துகின்றது.

தெதுரு ஓயாவிலிருந்து மீ ஓயா வடிநிலத்தை நோக்கி நீர் கொண்டு செல்லும் கால்வாய் உண்டு. கந்தளாய்க் குளமோ மின்னேரியா, கவுடுல்ல ஆகியவற்றின் வழியாக மகாவலி நீரைப் பெறுகின்றது. நீர் செல்லும் பாதையில் மீனும் செல்லும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்தது போன்ற பெருவெள்ளத்தின்போது ஆறு எது, குளம் எது, வயல் எது என்ற எல்லையே அழிந்துவிடுகின்றது. எனவே கந்தளாய், கட்டுக்கரை, இரணைமடு போன்ற குளங்களை நம்பி வாழும் தமிழ், முஸ்லிம் மீனவர்கள், தமது வலையில் பழக்கமில்லாத மீன் ஒன்று விழுந்தால் அதனை மீண்டும் நீரில் விடாது உடனடியாக அறிவிக்க வேண்டும். அவ்வாறு அறிவிப்பதற்கு அவர்களுக்குத் தெரிந்த ஓர் இடம் இருக்க வேண்டும். தகவல் தமிழிலும் பெறப்பட வேண்டும்.

தூண்டில் போட்டிகளை நாம் எதிர்க்கவில்லை. ஆண்டுக்கொருமுறை பரிசளிப்பு விழாவுடன் முடியும் முயற்சியால் ஒரு மீனினத்தின் பெருக்கம் அடங்காது என்பதே நமது கருத்து. இனப்பெருக்கக் காலத்தில் குஞ்சுக் கூட்டங்களைத் தேடி அகற்றுவதற்கு அக்குளத்து மீனவர் சங்கங்களுக்கு நாட்கூலி வழங்கலாம். பிடிபடும் மீனுக்கு நிலையான விலையொன்றை உறுதிப்படுத்தலாம். உயிர் மீன் இறக்குமதிக்கான ஒழுங்குவிதிகள் விமான நிலையத்தில் மட்டுமன்றி நகரத்து மீன் தொட்டிக் கடைகளிலும் நடைமுறைப்படுத்தப்படுகின்றனவா என்பதைக் கடற்றொழில் அமைச்சு பரிசோதிக்கலாம். இவை எவற்றுக்கும் பெருந்தொகை நிதி தேவைப்படாது. அடுத்த மாரி மழைக்கு முன்னர் இவற்றில் எதனைச் செய்யப்போகின்றோம் என்பதை அமைச்சு பகிரங்கமாக அறிவிக்க வேண்டும்.