வரியே இல்லாத சம்பளத்துக்கு வரிச் சேமிப்பு எதற்கு?

பதிவு கொஞ்சம் நீளம்தான். ஆனாலும், மாதச் சம்பளம் வாங்குகிற, இன்னும் கல்யாணம் ஆகாத பிள்ளை உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால்கூட கடைசி வரை படியுங்கள். பிள்ளையின் உழைப்புக் காசு சம்பந்தப்பட்ட விஷயம்.

ஒகேனக்கல், பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் இப்போது ஓசூரிலும் பெங்களூரிலும்தான் இருக்கிறார்கள். ஜனவரி பிறந்ததும் இவர்களைத் தேடி இரண்டு பேர் வருகிறார்கள். கம்பெனி ஆபீசிலிருந்து "முதலீட்டு ஆதாரம் கொடு, இல்லாவிட்டால் சம்பளத்தில் டிடிஎஸ் பிடிப்போம்" என்று ஒரு மெயில் வரும். அதன் பின்னாலேயே, பெரும்பாலும் சொந்தக்காரராகவோ தெரிந்தவராகவோ இருக்கும் ஒரு காப்பீட்டு ஏஜென்ட் வருவார். "நீ தனி ஆள்தானே, உனக்கு என்ன செலவு? வருஷம் ஐம்பதாயிரம் கட்டு, வரி மிச்சம்" என்பார். பிள்ளையும் கையெழுத்துப் போட்டுவிடும்.

நான் கேட்பது ஒரே கேள்வி. எந்த வரி மிச்சம்?

ஐந்தாம் வகுப்புக் கணக்குதான், போட்டுப் பார்ப்போம். ஓசூரில் மாதம் 32,000 ரூபாய் வாங்கும் ஒரு தம்பி. வருடத்துக்கு 3,84,000. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரிமுறையில் சம்பளக்காரருக்கு நிலைக்கழிவு 75,000. மீதி 3,09,000. நாலு லட்சம் வரை வரியே கிடையாது. ஆக வரி பூஜ்யம். சரி, பழைய முறையில் போட்டால்? நிலைக்கழிவு 50,000 போக 3,34,000. ஐந்து லட்சம் வரை 87ஏ பிரிவில் தள்ளுபடி உண்டு. அங்கேயும் பூஜ்யம். இரண்டு வழியிலும் ஒரு பைசா வரி இல்லாதவனிடம் "வரி மிச்சம்" என்று சொல்லி விற்பதற்கு என்ன பெயர்? ஆற்றில் தண்ணீரே இல்லாத நாளில் பரிசலுக்குக் காசு வாங்குவதைப் போன்றதுதான் இது.

"அது சின்னச் சம்பளம் சார், பெங்களூர் ஐடி பிள்ளைக்கு வேண்டாமா?" என்பீர்கள். அதையும் பார்ப்போம். மாதம் 85,000 வாங்கும் ஒரு பெண். வருடத்துக்கு 10,20,000. பழைய முறையில் வேறு கழிவு எதுவும் இல்லாவிட்டால் வரியும் செஸ்ஸும் சேர்த்து 1,10,760 ரூபாய். மாதத்துக்கு 9,230 பிடிப்பார்கள். ஏஜென்ட் சொல்கிறபடி 80சி பிரிவில் ஒன்றரை லட்சம் முழுவதும் போட்டால் 31,200 குறையும். ஏஜென்ட் சொன்னது பொய் இல்லை. ஆனால் அதற்குப் பிறகும் அந்தப் பெண் 79,560 ரூபாய் வரி கட்ட வேண்டும். புதிய முறையில்? நிலைக்கழிவு போக 9,45,000. பன்னிரண்டு லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். ஒன்றரை லட்சத்தை முடக்கிவிட்டு 79,560 கட்டுவதா? எதையும் முடக்காமல் சும்மா இருந்து ஒன்றும் கட்டாமல் இருப்பதா? இதைத்தான் ஏஜென்ட் சொல்லவில்லை. கம்பெனியும் சொல்லவில்லை.

கம்பெனி மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். எந்த முறை வேண்டும் என்று ஊழியரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஏப்ரல் 5 அன்றே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஊழியர் ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய முறைப்படிதான் பிடிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? ஏப்ரலில் ஒரு லிங்க் வருகிறது. எல்லாம் ஆங்கிலத்தில். பக்கத்து சீட்டுக்காரர் பழைய முறை என்று டிக் போட்டிருந்தால் இவரும் அதையே போடுகிறார். அவர் கல்யாணமானவர், வீட்டுக்கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார். அவருக்கு ஒருவேளை பழைய முறை சரியாக இருக்கலாம். ஹாஸ்டல் அறையில் தங்கியிருக்கும் உனக்கு எப்படிச் சரியாகும்? பார்த்து எழுதினால் பரீட்சையிலேயே மாட்டிக்கொள்வாய். இங்கே மாதாமாதம் சம்பளம் போகும்.

சிலர் சொல்லும் சமாதானம் எனக்குத் தெரியும். "பாலிசி போட்டால்தான் சின்னப் பிள்ளைகள் சேமிப்பார்கள், இல்லாவிட்டால் செல்போன் வாங்கித் தீர்த்துவிடுவார்கள்." சேமிப்பு நல்லதுதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் சேமிப்பு என்று சொல்லிச் சேமிக்கச் சொல்லுங்கள். வரி என்று பயமுறுத்தி இருபது வருடத்துக்குக் கட்டிப்போடாதீர்கள். இரண்டு வருடத்தில் வேலை போய், தவணை கட்ட முடியாமல் பாலிசியை விட்டால் போட்ட பணம் முழுதாகத் திரும்பாது. தாய் தகப்பன் உன் சம்பளத்தை நம்பி இருந்தால் ஒரு டெர்ம் பாலிசி எடு, குறைந்த பிரீமியத்தில் பெரிய தொகைக்குக் கிடைக்கும். மருத்துவக் காப்பீடு எடு. இரண்டும் பாதுகாப்புக்காக. வரிக்காக அல்ல.

"தனி ஆளுக்கு என்ன செலவு" என்ற பேச்சும் எனக்குப் பிடிக்காத பேச்சு. நம் ஊர்த் தனி ஆள் யார்? அப்பாவின் சர்க்கரை மாத்திரை, தங்கையின் நர்சிங் காலேஜ், ஊர் வீட்டுக்கு ஓடு மாற்றும் செலவு, எல்லாம் அந்த ஒற்றைச் சம்பளத்தில்தான். கல்யாணம் செய்துகொண்டால் வரி குறையும் என்று இன்றும் சில பெரியவர்கள் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் உண்மைதான். 1955-56 பட்ஜெட்டில் கல்யாணமானவருக்கு 2,000 ரூபாய் வரையும், ஆகாதவருக்கு 1,000 ரூபாய் வரையும் மட்டுமே விலக்கு என்று வைத்தார்கள். அந்த வித்தியாசம் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அமெரிக்காவிலும் டபிள்யூ-4 படிவத்தில் "தனி ஆள், பூஜ்யம் போடவா, ஒன்று போடவா" என்று எண்ணிக் கேட்ட முறையை 2020-இல் எடுத்துவிட்டார்கள். இன்றைய நம் நாட்டுச் சட்டம் உன் கழுத்தில் தாலி இருக்கிறதா, விரலில் மெட்டி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. உன் வருமானத்தையும், நீ எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாய் என்பதையும்தான் பார்க்கிறது. ஆகவே அந்தத் தேர்வு உன்னுடையதாக இருக்க வேண்டும். ஏஜென்டுடையதாகவோ எச்.ஆர். உடையதாகவோ இருக்கக் கூடாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "பொய் வாடகை ரசீது கொடு, ஏதாவது ஒரு டிரஸ்ட் நன்கொடை ரசீது கொடு, எல்லாம் திரும்ப வரும், எனக்குக் கமிஷன் கொடு" என்பவர்கள். பிள்ளைகளே, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடு முழுக்க 150 இடங்களில் இந்தப் பொய்க் கழிவுகளைப் பற்றித்தான் சோதனை போட்டது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. தவறாகக் காட்டியது தெரிந்தால் ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வரை போகும். கமிஷன் வாங்கியவர் அன்றைக்குப் போனை எடுக்க மாட்டார். படிவத்தில் இருப்பது உன் கையெழுத்து, உன் பான் எண்.

சரி, இப்போது என்ன செய்ய வேண்டும்? கரும்பலகையில் எழுதுவது போல எழுதுகிறேன்.

ஒன்று. உன் சம்பளச் சீட்டை எடு. டிடிஎஸ் அல்லது வருமான வரி என்ற வரி இருக்கிறதா பார். பிஎஃப் பிடித்தத்தையும் தொழில் வரியையும் அதோடு குழப்பாதே. அவை வேறு.

இரண்டு. ஆண்டுச் சம்பளம் 12,75,000 ரூபாய்க்குள் என்றால் புதிய முறையில் வரி இல்லை. பங்குச்சந்தை லாபம் போன்ற வேறு வருமானம் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அதற்கு மேல் சம்பளம், பெரிய வாடகை, வீட்டுக்கடன் என்றால் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார். வருமான வரித்துறையின் இணையதளத்திலேயே கணக்குப் பொறி இருக்கிறது, இலவசம்.

மூன்று. கம்பெனியில் பழைய முறை என்று தவறாகச் சொல்லிவிட்டாயா? பயப்படாதே. சம்பளப் பிடித்தத்துக்காகச் சொன்னது முடிவான தேர்வு அல்ல. ஜூலை 31-க்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது புதிய முறைக்கு மாறிக்கொள்ளலாம். பிடித்தது ரீஃபண்டாக வங்கிக் கணக்குக்கு வரும்.

நான்கு. ஒப்பந்த வேலையில் "கன்சல்டன்ட்" என்று பெயர் வைத்து 10 சதவீதம் பிடிக்கிறார்களா? அது சம்பளப் பிடித்தம் அல்ல. ரிட்டர்ன் போட்டால்தான் திரும்ப வரும். காலம் தாழ்த்தினாலும் டிசம்பர் 31-ஐத் தாண்டாதே. அதன்பின் போடும் திருத்திய "அப்டேட்டட்" ரிட்டர்னில் ரீஃபண்ட் கேட்க முடியாது.

ஐந்து. வேலையை விட்டதும் பிஎஃப் பணத்தை எடுக்க அவசரப்படாதே. ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் 10 சதவீதம் பிடிப்பார்கள். மொத்த வருமானத்துக்கு வரி இல்லை என்றால் 15ஜி படிவம் கொடுக்கலாம். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போகும்.

ஆறு. இந்த மாதம்தான் பாலிசிக்குக் கையெழுத்துப் போட்டாயா? பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க உனக்கு உரிமை இருக்கிறது.

கம்பெனி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் தொழிற்சாலை நடத்துகிறீர்கள். கேன்டீன் விலைப்பட்டியலைத் தமிழில் எழுத முடிகிறது. "பழைய முறையில் உனக்கு வரி இவ்வளவு, புதிய முறையில் இவ்வளவு" என்று இரண்டே வரி தமிழில் எழுதி அந்தப் படிவத்தோடு கொடுக்க முடியாதா? கணக்கு உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஊழியருக்குக் காட்டுவதில் என்ன நஷ்டம்?

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண் மாறும், படிவத்தின் பெயர் மாறும். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்ற விதி மட்டும் மாறாது.

வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இதை அனுப்புங்கள். என் பெயர் போட வேண்டிய அவசியமில்லை. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.