நடந்து சேர்க்கும் நிதியும் நிலையான தர்மமும்

நம் ஜமாஅத்துகளில் ஒருவர் கடும் நோயுற்றால் உதவிக்குப் பஞ்சமிருப்பதில்லை. ஜும்ஆவில் ஓர் அறிவிப்புச் செய்தால் போதும். இருப்பவரும் இல்லாதவரும் தத்தம் சக்திக்கேற்பக் கொடுத்து விடுகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால், அதே நோய் நாளை மற்றொருவரைத் தாக்காமலிருக்க, அல்லது தாக்கினாலும் உயிரைப் பறிக்காமலிருக்க நடைபெறும் மருத்துவ ஆராய்ச்சிக்கு நாம் என்ன கொடுத்தோம்? கண்ணெதிரே உள்ள நோயாளிக்கு இரங்கும் நம் உள்ளம், இன்னும் நோயாளியாகாத மனிதருக்காக இரங்கப் பழகவில்லை.

டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடா இளைஞர் அப்படி இரங்கினார். எலும்புப் புற்றுநோயால் வலக்காலை இழந்த அவர், 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலுடன் நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதே நோக்கம். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபோது நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. மறு ஆண்டு, 22 வயதில் இறந்தார். அவர் பெயரிலான ஓட்டம் இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது; சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்து வருகிறது.

"பணத்தை நேரே கொடுத்து விடலாமே, ஏன் ஓட வேண்டும்? இது ரியா ஆகாதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நன்று, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதனினும் சிறந்தது என்பது குர்ஆனின் (2:271) வழிகாட்டல். வெளிப்படையாகச் செய்வது தடுக்கப்படவில்லை. நிய்யத்தைக் காத்துக்கொள்ளும் பொறுப்பே நம்மைச் சேர்ந்தது. 2020 ரமளானில், நூறு வயதைத் தொட்ட தபிருல் இஸ்லாம் சௌத்ரி, நோன்பு நோற்றபடியே லண்டனில் தம் குடியிருப்புத் தோட்டத்தைச் சுற்றி நடந்தார். கொரோனாவால் பாதிக்கப்பட்டோருக்காக நான்கு லட்சம் பவுண்டுக்கும் மேல் சேர்ந்தது. அவர் மறைவாக நடந்திருந்தால் அவரது பங்கு மட்டுமே சேர்ந்திருக்கும்.

மருத்துவ அறிவுக்காகக் கொடுப்பது நமக்குப் புதிதன்று. நுரையீரல் வழியே இரத்தம் செல்லும் பாதையை 13ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிய இப்னு நஃபீஸ், தம் வீட்டையும் நூல்களையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார். மரணத்திற்குப் பின்னும் தொடரும் நன்மைகளுள் நிலையான தர்மத்தையும் பயன்தரும் கல்வியையும் நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொடுப்பதில் இவ்விரண்டும் ஒருசேர அமையும் என்றே நான் கருதுகிறேன்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து பாச்சலூருக்கு ஏறும் மலைச்சாலையை எண்ணிப் பாருங்கள். காப்பியும் மிளகும் விளையும் அந்த மலையூர்களிலிருந்து, பெரிய சிகிச்சை தேவைப்படும் நோயாளி வளைவுகளில் குலுங்கியபடி கீழே இறங்கியாக வேண்டும். அதே சாலையில் நம் இளைஞர்கள் ஒரு நாள் மேல்நோக்கி நடக்கட்டும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உறவினரும் நண்பரும் ஒரு தொகையை வாக்களிக்கட்டும். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற, சிகிச்சையோடு ஆராய்ச்சியும் செய்யும் நிறுவனத்திற்கு அந்நிதி செல்லட்டும்.

சில வரம்புகள் அவசியம். ஸகாத்துக்குரிய எட்டு வகையினரைக் குர்ஆன் (9:60) வரையறுத்திருப்பதால், இதற்கு ஸதகாவை மட்டும் ஒதுக்குவதே பேணுதலானது. பணம் நேரடியாக நிறுவனத்தின் கணக்கிற்குச் செல்ல வேண்டும். ரசீதுகளைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்ட வேண்டும். உடலும் அமானிதம் என்பதால், பயிற்சியும் மருத்துவர் ஆலோசனையும் இன்றி எவரும் மலையேறக் கூடாது.

இதில் பணத்தினும் பெரிய பயன் ஒன்றுண்டு. நம் இல்லங்களில் புற்றுநோய் இன்னும் பெயர் சொல்லப்படாத நோய். மார்பில் கட்டி இருப்பதை வெட்கத்தால் மறைத்து, காலம் கடந்தபின் மருத்துவரிடம் செல்லும் தாய்மார்கள் உண்டு. மகன் எதற்காக நடக்கிறான் என்று வீட்டில் பேச்செழுந்தால், அந்த மௌனம் உடையும். ஒரு தாய் உரிய காலத்தில் பரிசோதனைக்குச் செல்லக்கூடும்.

நோயைத் தந்த இறைவன் அதற்கான மருந்தையும் தந்தே இருக்கிறான் என்பது நபிமொழி தரும் நம்பிக்கை. அம்மருந்தைத் தேடுவோருக்குத் துணை நிற்பது நம் கடமை. அல்லாஹ் நம் எண்ணங்களைத் தூய்மையாக்கி ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.