அந்தச் சின்ன மூக்கு

பேர்சியன் பூனை என்றதும் பஞ்சுப் பொதி போன்ற உடலும், வட்ட முகமும், இருக்கிறதோ இல்லையோ என்று தெரியாத சின்ன மூக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. பரீட்சையில் சித்தியடைந்தால் ஒன்று வாங்கித் தாருங்கள் என்று வாப்பாவிடம் கேட்கும் பிள்ளைகள் நம்மில் பலர். ஆசையில் பிழையில்லை. ஆனால், வாங்குமுன் அந்த மூக்கைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இந்த முகம் இயற்கையாக வந்ததல்ல. 1871இல் லண்டன் கிறிஸ்டல் பெலஸில் நடந்த பூனைக் கண்காட்சியில் பேர்சியன் பூனைகளும் இடம்பெற்றன. அக்காலப் படங்களில் அவற்றின் மூக்கு தெளிவாக நீண்டிருக்கிறது. பின்னர் வந்த வளர்ப்பாளர்கள் தட்டை முகமுள்ளவற்றையே தெரிவுசெய்து இணைசேர்த்ததால் மூக்கு உள்வாங்கிப் போனது.

விலையைக் கொடுப்பது பூனைதான். நாசித் துவாரம் ஒடுங்குவதால் மூச்சு இரைக்கிறது. அதன் குறட்டையைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். அது காற்றுக்குப் படும் பாடு. கண்ணீர் வடியும் குழாய் வளைந்திருப்பதால் கண்ணோரம் எப்போதும் ஈரம். தாடை குறுகியதால் பற்கள் நெருங்கி முளைக்கின்றன. அடர்ந்த உரோமத்துடன் நமது வெக்கையையும் அது தாங்க வேண்டும்.

குணத்தில் இது சாந்தமான பூனை. அதிகம் கத்தாது, மடியில் அமைதியாகக் கிடக்கும். அந்தச் சாந்தமே சிலவேளை நோவை மறைத்துவிடுகிறது. இவ்வினத்தில் பரம்பரையாக வரும் சிறுநீரக நோயொன்றும் உண்டு. பிறக்கும்போதே சிறுநீரகத்தில் இருக்கும் நீர்க்கட்டிகள் மெல்ல வளர்ந்து, பெரும்பாலும் சில வருடங்களின் பின்னரே நோயைக் காட்டும். அதற்குள் பிள்ளையின் மனம் பூனையோடு ஒட்டியிருக்கும். பெற்றோரில் ஒன்றுக்கு அந்த மரபணு இருந்தாலே, ஒவ்வொரு குட்டிக்கும் அது வர குறைந்தது பாதி வாய்ப்புண்டு. மரபணுப் பரிசோதனையால் இதை முன்கூட்டியே அறியலாம்.

"அந்த முகத்தை நாங்களா உண்டாக்கினோம்?" என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் தட்டை முகத்துக்குக் கூடிய விலை கொடுப்பவர் இருக்கும்வரை, அப்படிப்பட்ட குட்டிகளே மேலும் பிறக்கும்.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாத பெண் தண்டனைக்குள்ளான செய்தியை நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துள்ளார்கள். வயிறு நிறையக் கொடுத்தால் மட்டும் நம் பொறுப்பு தீர்ந்துவிடுமா? நிம்மதியாக மூச்சுவிடுவதும் அதன் உரிமையல்லவா?

ஆகவே பெற்றோரே, வாங்குவதானால் மூக்கு நீண்ட, நாசித் துவாரம் விரிந்த குட்டியைப் பாருங்கள். தாய், தந்தைப் பூனைகளின் சிறுநீரகப் பரிசோதனை பற்றி விற்பவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே தட்டை முகப் பூனை வீட்டிலிருந்தால் தினமும் உரோமத்தைச் சீவி, கண்ணைத் துடைத்து, குளிர்ச்சியான இடத்தில் வைத்து, மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். அதை வைத்துக் குட்டி ஈனச் செய்யாதீர்கள்.

தோழிகளே, மதிலோரம் கத்தும் நாட்டுப் பூனைக்குட்டிக்கும் மடியில் படுக்கத் தெரியும். அதற்கு நல்ல மூக்கும் இருக்கிறது.