பிள்ளைகளுக்கான பணம் தனியாளின் பெயரில் இருக்கக்கூடாது
வன்னிப் பாடசாலைகளின் பெற்றோர் ஆசிரியர் அமைப்புகளைப் பதிவு செய்வது பற்றிய நிலைப்பாட்டு அறிக்கை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பாடசாலைகளுக்குப் பெற்றோரும் பழைய மாணவரும் புலம்பெயர் உறவுகளும் பணம் கொடுக்கிறார்கள். அதை யார் பெயரில், எந்தச் சட்டத்தின் கீழ் வைத்திருப்பது என்ற கேள்வி பொதுக்கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுகிறது. "நாங்களும் இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிந்துவிட்டால் என்ன?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர் ஆகியோரைக் கொண்ட எமது அமைப்பின் நிலைப்பாடு இதுதான்:

பாடசாலையின் அன்றாடத் தேவைகளுக்கான பணம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கினூடாகவே வரவேண்டும். அதற்குப் புதிய பதிவு தேவையில்லை. புலமைப்பரிசில் நிதி, மாணவர் விடுதி, நிலையான வைப்பு என்று பல ஆண்டுகள் நிலைக்கவேண்டிய முயற்சிகளுக்குத் தனிப் பதிவு அவசியம். அந்தப் பதிவு பிரதேச செயலகத்தில், தமிழில், சிவில் நிர்வாகத்தின் பொறுப்பில் கிடைக்கவேண்டும். எந்த நிலையிலும் பிள்ளைகளின் பணம் ஒரு தனியாளின் சேமிப்புக் கணக்கில் கிடக்கக்கூடாது.

பின்னணி

2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியின் பாடசாலைகள் ஊரோடு சேர்ந்து இடம்பெயர்ந்தன. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும்வரை மீள்குடியேற்றம் தவணை தவணையாக நடந்தது. தகரக் கொட்டகையிலும் மரநிழலிலும் வகுப்புகள் மீண்டும் தொடங்கின. அரசும் கொடையாளர்களும் கட்டடங்களைக் கட்டினார்கள். மாலைநேர வகுப்புக்கான கொடுப்பனவு, தூரத்துப் பிள்ளைக்கு ஒரு சைக்கிள், சாதாரணதரப் பரீட்சைக்கு முந்திய கருத்தரங்கு என்பவற்றை ஊர் மக்களே பார்த்துக்கொண்டார்கள். சங்கங்கள் சீராக இயங்காத அந்தக் காலத்தில் தெரிந்த ஒருவரின் கணக்குக்குப் பணம் அனுப்புவதே வழியாக இருந்தது. நெருக்கடியில் அது உதவியது. இன்றும் அதுவே வழக்கமாக நீடிப்பதுதான் பிரச்சினை.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். பாடசாலையின் தண்ணீர் மோட்டார் பழுதாகிறது. பணம் சேர்க்கும் ஆசிரியரின் சேமிப்புக் கணக்கிலக்கம் வைபரில் லண்டனுக்குப் போகிறது. பணம் வருகிறது, மோட்டாரும் பூட்டப்படுகிறது. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஜனவரியில் அந்த ஆசிரியருக்கு இடமாற்றம் வருகிறது. பற்றுச்சீட்டுகளும் மிச்சப் பணமும் அவரோடு போய்விடுகின்றன. ஒரு சதமும் களவு போகவில்லை. ஆனாலும் அடுத்த கூட்டத்தில் கதை கிளம்புகிறது. நேர்மையான ஒருவரின் பெயர் கெடுகிறது. அனுப்பியவர் அடுத்தமுறை யோசிக்கிறார். இழப்பு பிள்ளைகளுக்கே.

சட்டத்தில் உள்ள வழிகள்

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகளின் கீழ் இயங்குகிறது. அதிபரே அதன் தலைவர். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதிலிருந்து அவற்றை நடத்தும் பொறுப்பும் அரசுடையதே. ஆகவே இந்தச் சங்கத்தையே தனி நிறுவனமாக மாற்ற முயல்வது ஒரே பாடசாலைக்குள் இரண்டு அதிகாரங்களை உண்டாக்கும். அதை நாம் ஆதரிக்கவில்லை.

தனி அமைப்பொன்றுக்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. முதலாவது, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் (பதிவு செய்தலும் மேற்பார்வை செய்தலும்) சட்டம். வறியோர், நோயாளர், அநாதைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் நலனும் அனர்த்த நிவாரணமுமே இச்சட்டம் மனதிற்கொண்ட நோக்கங்கள். பாடசாலை அபிவிருத்தி அதில் நேரடியாக இல்லை. யாப்பில் வறிய மாணவரின் நலனை முதல் நோக்கமாக எழுதுவது இந்த வழியை நாடுவோருக்கு நாம் சொல்லும் ஆலோசனை. நடைமுறையிலும் அந்த நோக்கத்துக்கே பணம் செலவாகவேண்டும்.

இரண்டாவது, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 34ஆம் பிரிவின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவது. இதில் இலாபத்தை அங்கத்தவருக்குப் பங்கிட முடியாது. ஆனால் கம்பனிச் செயலாளர், ஆண்டறிக்கை, கணக்காய்வாளர் என்று செலவு வருடாவருடம் தொடரும். விடுதி கட்டும் அமைப்புக்கு அது தாங்கும். கொப்பியும் சப்பாத்தும் வாங்கிக் கொடுக்கும் அமைப்புக்குத் தாங்காது. மூன்றாவது, பாராளுமன்றத்தில் தனிநபர் சட்டமூலம் ஒன்றினால் கூட்டிணைக்கப்படுவது. இது சிறிய கிராமத்துக்கு எட்டாத வழி.

பதிவு செய்தால் வரியே இல்லை என்ற நம்பிக்கையும் தவறு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், அரசசார்பற்ற நிறுவனம் பெறும் நன்கொடையில் 3 சதவீதத்தை வரிக்குரிய வருமானமாகக் கணிக்கிறது. இடம்பெயர்ந்தோருக்கான புனர்வாழ்வு, வாழ்வாதாரப் பணிகளுக்கு அதைக் குறைக்கவோ நீக்கவோ ஆணையாளர் நாயகத்துக்கு அதிகாரம் உண்டு. மீள்குடியேறிய கிராமங்களில் பணியாற்றும் அமைப்புகள் இந்த ஏற்பாட்டை அறிந்து விண்ணப்பிக்கவேண்டும்.

எதிர்வாதங்கள்

"பதிந்தால் தேவையில்லாத விசாரணை வரும்" என்கிறார்கள். அந்த அச்சத்தை நாம் தட்டிக்கழிக்கவில்லை. அரசசார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம் பல ஆண்டுகள் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. 2014இல் புலம்பெயர் அமைப்புகள் பல தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டன; 2015இல் சில நீக்கப்பட்டன; 2021இல் மீண்டும் சேர்க்கப்பட்டன. 2018இலும் 2024இலும் வெளிவந்த புதிய சட்ட வரைவுகள் குடிசார் அமைப்புகளின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. இவ்வளவும் பார்த்த பெற்றோர் கையொப்பமிடத் தயங்குவது இயல்பு. ஆனால் தனியாள் கணக்கில் வரும் பணமே ஒருவரை இலகுவில் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். சங்கத்தின் கூட்டக் குறிப்பும் பற்றுச்சீட்டும்தான் அவருக்குக் காப்பு.

"ஊர் பணம் சேர்த்தால் அரசு கைகழுவிவிடும்" என்பது அடுத்த வாதம். இதில் நியாயம் உண்டு. 1945 முதல் இலவசக் கல்வி இந்நாட்டின் உறுதிமொழி. ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்புவதும் வகுப்பறை கட்டுவதும் மாகாணத்தினதும் மத்தியினதும் கடமை. பெற்றோர் நிதி அந்தக் கடமையின் இடத்தை எடுக்கக்கூடாது என்பதை ஒவ்வொரு யாப்பிலும் எழுதவேண்டும். பணம் கொடுக்க முடியாத பெற்றோரின் பிள்ளைக்கு எந்த வேறுபாடும் காட்டப்படாது என்பதையும் அதே யாப்பில் எழுதவேண்டும்.

நாம் கோருவது

1. பாடசாலை மாணவர் நலனுக்கான சிறிய அமைப்புகளைப் பிரதேச செயலக மட்டத்தில் எளிமையாகப் பதியும் ஏற்பாடு வேண்டும். கல்வி சார்ந்த நோக்கங்களைச் சட்டம் வெளிப்படையாக ஏற்கவேண்டும்.

2. பதிவும் மேற்பார்வையும் சிவில் நிர்வாகத்திடமே இருக்கவேண்டும். பாதுகாப்புத் தரப்பினர் கூட்டக் குறிப்புகளையும் அங்கத்தவர் விபரங்களையும் கேட்கும் நிலை இருக்கக்கூடாது.

3. மாதிரி யாப்பு, விண்ணப்பப் படிவம், கணக்குப் படிவம் ஆகியவற்றை வடமாகாணக் கல்வி அமைச்சு தமிழில் வெளியிடவேண்டும்.

4. கோட்ட மட்டத்தில் பல சிறிய பாடசாலைகள் ஒரே பதிவின் கீழ் ஒரு பொது நிதியை வைத்திருக்க இடமளிக்கவேண்டும். ஏ-9 வீதியோரத்துப் பெரிய பாடசாலைக்குப் பழைய மாணவர் உலகெங்கும் இருக்கிறார்கள். துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி உட்கிராமங்களின் ஆரம்பப் பாடசாலைக்கு அந்தப் பலம் இல்லை. ஒரு கணக்காய்வாளரின் செலவைப் பல பாடசாலைகள் பகிர்ந்தால் அவையும் நிமிர்ந்து நிற்கும்.

நாம் பொறுப்பேற்பது

எம்மோடு இணையும் ஒவ்வொரு அமைப்பும் கூட்டுக் கையொப்பத்தில் மட்டுமே வங்கிக் கணக்கை நடத்தும். பணம் பெற்ற அன்றே பற்றுச்சீட்டு வழங்கும். ஒவ்வொரு தவணை முடிவிலும் வரவுசெலவைப் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டும். இடமாற்றம் பெறும் பொறுப்பாளர், கணக்குப் புத்தகங்களைக் கூட்டத்தில் எழுத்து மூலம் கையளித்த பின்னரே விடைபெறுவார். நிர்வாகத்தில் தாய்மாருக்கும் பெண் ஆசிரியர்களுக்கும் பாதிக்குக் குறையாத இடம் இருக்கும். பாடசாலை அலுவலுக்கு அலைகிறவர்களில் பெரும்பாலானோர் அவர்களே.

புலம்பெயர்ந்த பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரித்தானியாவில் பதிவுபெற்ற அறக்கொடை அமைப்பினூடாகக் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும், கொடுப்பவர் வரி செலுத்துபவரானால், அந்த அமைப்பு மேலும் 25 பென்ஸை அரசிடமிருந்து பெறமுடியும். பணம் எங்கே போனது என்று அங்குள்ள அறங்காவலர்கள் கணக்குக் காட்டவும் வேண்டும். அதே ஒழுங்கை இங்கும் எதிர்பாருங்கள். தெரிந்தவரின் கணக்கிலக்கத்தைக் கேட்காதீர்கள். சங்கத்தின் கணக்கிலக்கத்தையும் கடந்த ஆண்டுக் கணக்கறிக்கையையும் கேளுங்கள்.

பெற்றோரிடம் நாம் கேட்பது ஒன்றே. அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து, பாடசாலையின் பெயரால் சேர்ந்த பணம் எந்தெந்தக் கணக்குகளில் இருக்கிறது என்று கேளுங்கள். தனியாள் கணக்கில் இருப்பதைச் சங்கத்தின் கணக்குக்கு மாற்றத் தீர்மானம் எடுத்து, அதைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை இது.